செக்கிங்

பகலெல்லாம் பனியன் பார்க்கிற கண்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தவறிய தையல்,
கழுத்துப் பட்டியில் அரை நூல் கோணல்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டால்
என் வேலை முடிந்தது.

அதே கண்ணோடுதான்
ராத்திரி பத்தரைக்கு, பிள்ளைகள் தூங்கிய பின்
ஃபோனைத் திறந்தேன்.
மூன்று நாளாய் சஷ்விந்த் கெஞ்சுகிற விளையாட்டு.
ஏழு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது.
அவனுக்கு எட்டு.
லேபிளை நம்பி
நான் எந்தப் பீசையும் பாஸ் செய்ததில்லை.

ஒரே ஒரு வழி.
நொய்யல் மாதிரி வளைந்து வளைந்து போகிறது,
நொய்யலில் இல்லாத பச்சை நிறத்தில்.
ஓரமாய்க் கோபுரம் கட்ட வேண்டும்,
கையில் காசு இருக்கிற வரைக்கும்.
மணி அடித்ததும் வருகிறார்கள்
குட்டையாய், குண்டாய், முதுகில் மூட்டையோடு.
கோபுரம் தானாகச் சுடும்.
ஒரு பொளக், கொஞ்சம் புகை,
ஐந்து காசு.

ரத்தம் இல்லை. பாஸ்.
கெட்ட வார்த்தை இல்லை. பாஸ்.
வில்லுக்கு நாற்பது, பீரங்கிக்கு நூற்றிருபது,
எதை எந்த வளைவில் வைப்பதென்று
யோசிக்க வைக்கிறது.
என் சம்பளமும் இப்படித்தான்:
முதல் வளைவில் வாடகை,
அடுத்ததில் ஏலச்சீட்டு, ஸ்கூல் வேன்.
எப்படி நிறுத்தினாலும்
ஒரு காய்ச்சல் தப்பி உள்ளே வந்துவிடும்.

நாலாம் அலைக்கு முன் விளம்பரம்.
மூடுகிற பெருக்கல் குறி எறும்புக் கால் அளவு.
குறி தவறினால் கடை திறக்கிறது,
ஒரு மூட்டை வைரம் எழுபத்தொன்பது ரூபாய்.
சிவப்பு ஸ்டிக்கர்.
பணம் போகிற வழியைப் பூட்டி வைத்தேன்.

அதோடு நிறுத்தினேன் என்று சொன்னால் பொய்.
பதினேழாம் அலையில் மணி ஒன்றரை.
இட்லிக்கு அரிசி ஊறப் போடவில்லை.
'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்றது
விளையாட்டு இல்லை, நான்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, கடிகாரம் பார்த்து
அரை மணி நேரம் கொடுத்தேன்.
நாலு வயது நிவர்ஷா
அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.
மணி அடித்தது.

"அண்ணா, ஒறம்பரை வர்றாங்க!"
"ஒறம்பரை இல்ல பாப்பா, எதிரி."
"மூட்டையெல்லாம் எடுத்துட்டு வர்றாங்கல்ல?"
பொளக்.
"ஏண்ணா சுட்டே?
காப்பி கூடக் குடிக்கலியே."
"உள்ள வந்தா நம்ம உசுரு போயிரும்."
"ஆரு சொன்னா?"

அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஃபோனைப் பார்த்தேன்.
பதினேழு அலை ஆடியிருக்கிறேன்,
அவர்கள் எந்த ஊர், எதற்கு வருகிறார்கள்,
ஒரு வரி எழுதியிருக்கவில்லை.
கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் கேட் சத்தம்.
எதிர் வீட்டு லிப்சாவின் மாமா,
இரண்டு நாள் ரயில், தலையில் பை.
வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்றபடியே
எந்த ஊரு, எத்தன நாளு, ஆதார் இருக்குதா என்றார்.
பதினோரு வருசத்துக்கு முன்
தாராபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய என்னையும்
அங்கிருந்தேதான் கேட்டார்.
பாப்பா ஜன்னலுக்கு ஓடினாள்.
"அம்மா, இங்கயும் ஒறம்பரை!"

சஷ்விந்த் என்ன நினைத்தானோ,
கடைசி வளைவில் இருந்த பீரங்கியை விற்றான்.
இருபது உசுரும் ஒவ்வொன்றாய்க் குறைய
எல்லாரும் உள்ளே நடந்து போனார்கள்.
பாப்பா கை தட்டினாள்.
அவன் அழுதான்,
மூணு ஸ்டாரும் போச்சு என்று.

திங்கள்கிழமை பக்கத்து மேசைச் சம்பூர்ணம் கேட்டாள்:
"ஏனக்கா, என்ற பையனும் கேக்கறான்,
குடுக்கலாமா வேண்டாமா?"
பாஸ் ஒரு குவியல், ரிஜெக்ட் ஒரு குவியல்,
நடுவில் ஆல்ட்டருக்குப் போகிற குவியல்.
அதைக் காட்டினேன்.
"குடு. பக்கத்துல ஒரு சின்னக் கொழந்தைய
உக்கார வெச்சுக் குடு."

"எனக்கு ஒத்தப் பையன்க்கா,
கொழந்தைக்கு எங்க போறது?"

பெல் அடித்தது.
அடுத்த கட்டு வந்து விழுந்தது.